வீட்டுக்குப் போய்ப் பழைய வண்டியைப் பிரிக்கலாமா?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நோயாளிகள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். என்ன சாப்பிடலாம், எப்போது குளிக்கலாம், மாடிப்படி ஏறலாமா, எப்போது வேலைக்குப் போகலாம் என்பன அவை. இவற்றுக்கெல்லாம் விடை அச்சடித்த தாள் ஒன்று எங்களிடம் உண்டு. அந்தத் தாளில் இல்லாத கேள்வி ஒன்றும் அவ்வப்போது வருகிறது. மனைவியோ மகளோ மருந்து வாங்கச் சென்றிருக்கும் நேரம் பார்த்துத் தணிந்த குரலில் வரும் கேள்வி அது. வீட்டில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று கிடக்கிறது, அதைப் பிரித்துப் பழுது நீக்கி, தம் விருப்பப்படி மாற்றிக் கட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை, இப்போதுதான் ஓய்வு கிடைத்திருக்கிறது, செய்யலாமா?

செய்யலாம் என்பதே மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவினராகிய எங்கள் விடை. எந்த வேலையை எப்போது, எவர் கையால் செய்வது என்பதை மட்டும் உடலின் நிலை பார்த்து முடிவு செய்ய வேண்டும். வீட்டாரின் விடை பெரும்பாலும் வேறாக இருக்கிறது. "அந்த வண்டியால்தான் இவ்வளவும்" என்று கருதி, நோயாளி படுக்கையில் இருக்கும்போதே அதைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிட்ட குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய அச்சம் எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் வண்டியை ஓட்டுவது வேறு, வண்டியில் வேலை செய்வது வேறு. முன்னதற்கு நாங்கள் பல மாதங்கள் தடை சொல்லக்கூடும். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் சொல்லக்கூடும். பின்னதற்கு அப்படிச் சொல்ல வேண்டிய நிலை அரிது.

சென்னைப் பகுதி வீடுகளில் கிடக்கும் பழைய வண்டி என்றால் அது பெரும்பாலும் புல்லட்டாகவோ, ஆர்.எக்ஸ். 100 ஆகவோ, எஸ்டியாகவோ இருக்கும். இவற்றுள் புல்லட் இந்த ஊரின் பிள்ளை. இங்கிலாந்தின் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் தொடங்கிய கூட்டு நிறுவனம் திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைத்தது. அங்கே உருவான 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின், சிறு மாற்றங்களுடன் ஐம்பதாண்டுகளுக்கும் மேலாக வெளிவந்து கொண்டிருந்தது. அதனால் நாற்பது ஆண்டுப் பழைய வண்டிக்கும் உதிரிபாகம் கிடைக்கிறது. புதுப்பேட்டைக் கடைகளில் கேட்டால், புதியது இல்லையென்றாலும் வேறொரு வண்டியிலிருந்து கழற்றியதாவது கிடைத்துவிடும்.

இந்த வண்டியின் இன்னொரு குணம் எங்களுக்கு முக்கியமானது. இதில் மறைந்திருப்பது மிகக் குறைவு. கார்புரேட்டர், பாயின்ட், பிளக், கிளட்ச் கேபிள் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. கணினி இல்லை, சென்சார் இல்லை. ஒரு பாகத்தைக் கழற்றினால் அது என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். நோய்க்குப் பின் கையும் கண்ணும் மனமும் மீண்டும் ஒன்றாக இயங்கப் பழகும் ஒருவருக்கு இதைவிட நல்ல பயிற்சிப் பொருள் எங்கள் பிரிவிலும் இல்லை. எங்களிடம் இருப்பவை மரக் குச்சிகளும் வண்ண வளையங்களும் பிளாஸ்டிக் கூம்புகளும்தாம். அவை பயன் தருவன. ஆனால் ஐம்பது வயது மனிதர் ஒருவர் அவற்றை எத்தனை நாள் ஆர்வத்துடன் எடுத்து எடுத்து வைப்பார்?

எங்களிடம் சிகிச்சைக்கு வரும் ஒருவரைப் பற்றி, அவரும் அவர் குடும்பமும் இசைந்ததால், பெயர் குறிப்பிடாமல் இங்கே எழுதுகிறோம். கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர். மூளையின் வலப்பக்கத்தில் ஏற்பட்ட பக்கவாதத்தால் இடக்கையும் இடக்காலும் தளர்ந்தன. நோய் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்தான், ஓடாத நிலையில் இருந்த பழைய புல்லட் ஒன்றை வாங்கி வந்து, தாழ்வாரத்தில் நிறுத்தியிருந்தார். நீண்ட இருக்கையை எடுத்துவிட்டு இரு தனி இருக்கைகள் வைப்பது, பழைய மாதிரி முகப்பு விளக்குக் கூண்டு தேடிப் பிடிப்பது, டேங்கில் கோடு இழுப்பது என்று அவர் மனத்தில் ஒரு வண்டி முழுதாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பிய பின் அவர் அதன் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம். ஆறு வாரம் எதையும் தொடவில்லை. கைப்பயிற்சிகளையும் செய்யவில்லை. "இந்தக் கை இனி எதற்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

எங்கள் தொழில்வழிச் சிகிச்சையாளர் அவருடைய மகனிடம் கார்புரேட்டரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒரு தட்டில் வைத்து அப்பாவின் முன் வைக்கச் சொன்னார். எந்த அறிவுரையும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் இடக்கை தட்டைப் பிடித்துக்கொள்ள, வலக்கை அதைப் பிரிக்கத் தொடங்கியது. பக்கவாதத்துக்குப் பின் கை மீள்வதற்கு வேண்டியது, நோயாளிக்குப் பொருளுள்ள ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் என்பது மறுவாழ்வு மருத்துவம் இன்று ஏற்றுக்கொண்ட செய்தி. கழற்றிய திருகைக் கீழே விழாமல் இடக்கை விரல்களால் பிடிக்க வேண்டும் என்ற தேவை, நாங்கள் கொடுத்த பயிற்சித் தாளைவிட வலிமையாக அவரை வேலை வாங்கியது.

ஆனால் இந்தக் கதையில் நாங்கள் சொல்ல விரும்பும் பகுதி இதன் பின்னர் வருகிறது. நான்கு மாதம் கழித்து, எஞ்சினின் வலப்புற மூடியை அவரே பொருத்தினார். முடிந்தது என்றார். மகன் பார்த்தபோது, மூடியின் வலப்பாதியில் இருந்த ஸ்க்ரூக்கள் எல்லாம் இறுக்கப்பட்டிருந்தன; இடப்பாதியில் இருந்தவை தொளதொளவென்று இருந்தன; இரண்டு துளைகளில் ஸ்க்ரூவே இல்லை. செய்தித்தாளின் மேல் பரப்பி வைத்திருந்த ஸ்க்ரூக்களிலும் வலப்பக்கத்தில் இருந்தவை மட்டுமே எடுக்கப்பட்டிருந்தன. மகன் இதை அப்பாவின் கவனக்குறைவு என்று எண்ணாமல் செல்பேசியில் படம் எடுத்து எங்களிடம் கொண்டுவந்தார். அந்தப் படத்துக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களுள் சிலருக்கு, இடப்பக்க உலகம் கண்ணில் பட்டாலும் கருத்தில் படாது. தட்டில் இடப்பக்கச் சோறு மிச்சமாக இருக்கும். முகத்தின் இடப்பக்கத்தில் சவரம் விட்டுப்போயிருக்கும். கண் பார்வைக் கோளாறு அன்று; மறதியும் அன்று. கவனம் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. லேசாக இருந்தால் மருத்துவமனை அறையில் இது தப்பிவிடும். இவரும் நன்றாக நடந்தார், தெளிவாகப் பேசினார். இன்னும் ஒரு மாதத்தில் வண்டி ஓட்டலாம் என்று அவரே நாள் குறித்து வைத்திருந்தார். இடப்பக்கத்திலிருந்து ஓர் ஆட்டோ வந்தால் அவர் அதைக் கண்டிருக்கமாட்டார் என்பதை அந்த மூடியின் ஸ்க்ரூக்கள் சொல்லிவிட்டன.

அதன்பின் சிகிச்சை மாறியது. வேலைத் தட்டின் இடவிளிம்பில் சிவப்பு நாடா ஒட்டினோம். எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் சிவப்பு நாடாவைக் கண்ணால் தேடிப் பிடித்து, அங்கிருந்து வலப்பக்கம் வர வேண்டும். எஞ்சினின் இடவிளிம்பிலும் அதே நாடா. கழற்றும்போது திருகுகளை எண்ணுவது, பொருத்தும்போது அதே எண்ணிக்கை வருகிறதா என்று பார்ப்பது. அவர் வீட்டில் இன்றும் உணவுத் தட்டின் இடப்பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. முன்னேற்றம் இருக்கிறது. வண்டி ஓட்ட அனுமதி இன்னும் இல்லை.

இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வருவோம். நெஞ்செலும்பைப் பிளந்து செய்யும் பைபாஸ் போன்ற அறுவைக்குப் பின், அந்த எலும்பு கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரம் ஆகும். தொடக்க வாரங்களில் நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறோம். புல்லட்டின் எடை 160 கிலோவுக்கு மேல். அதை யாரும் தூக்கப்போவதில்லை என்று தோன்றலாம். நடு ஸ்டாண்டில் ஏற்றுவது என்பது வேறென்ன? இரண்டு கைகளாலும் பிடித்து, நெஞ்சை விறைத்து, ஒரு காலால் மிதித்துப் பின்னோக்கி இழுக்கும் அந்த ஒரு நொடி, கூடிக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் விழும் பாரம் பெரியது. ஸ்டாண்டில் ஏற்றி இறக்குவது, வண்டியைத் தள்ளுவது, இறுகிய நட்டைக் கழற்ற நீண்ட ஸ்பேனரைப் பிடித்துத் தொங்குவது ஆகிய மூன்றும் மற்றவர் வேலை. மருத்துவர் சொல்லும்வரை நீங்கள் உட்கார்ந்து செய்யக்கூடியவை வேறு நிறைய உண்டு. வயரிங் சரிபார்ப்பது, கார்புரேட்டர் கழுவுவது, பாயின்ட் இடைவெளி அளப்பது, துருப்பிடித்த சிறு பாகங்களைத் தேய்ப்பது, என்ன வாங்க வேண்டும் என்று பட்டியல் எழுதுவது. இந்தக் கடைசி வேலையைப் பலர் வேலையாகவே கருதுவதில்லை. அனுபவம் உள்ள மெக்கானிக்குகள் கருதுவார்கள்.

கிக்கரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பழைய புல்லட்டைக் கிளப்பத் தெரிந்தவர்கள் ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, பிஸ்டனை மேல்நிலை தாண்டச் செய்து, பிறகே உதைப்பார்கள். இந்த ஒழுங்கு தவறினாலோ, இக்னிஷன் நேரம் முந்தியிருந்தாலோ கிக்கர் எதிர்த்து அடிக்கும். கணுக்காலும் முழங்காலும் அதனால் காயமுற்று வந்தவர்களை எலும்பு முறிவுப் பிரிவில் பார்த்திருக்கிறோம். மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் கிக்கரைத் தொடவே வேண்டாம். புதிதாகப் பிரித்துக் கட்டிய எஞ்சின் முதல் தடவை கிளம்பும்போதுதான் இக்னிஷன் நேரம் சரியாக இருக்காது. எனவே முதல் உதையை உடல்நலமுள்ள ஒருவர், காலணி அணிந்து, உதைக்கட்டும். மேலே சொன்ன அன்பருக்கு இதில் இன்னொரு சிக்கல்: கிக்கர் வலப்பக்கம் இருப்பதால் உதைப்பது நல்ல கால்தான், ஆனால் உதைக்கும் நேரத்தில் உடலைத் தாங்குவது தளர்ந்த இடக்கால். மகன் உதைத்தார், அப்பா ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொண்டார்.

இதய நோயும் பழைய வண்டியும் என்றதும் நியூசிலாந்தின் பர்ட் மன்றோ நினைவுக்கு வருகிறார். நாட்டின் தென்கோடியில் உள்ள இன்வர்கார்கில் நகரத்துக்காரர். 1920இல் வாங்கிய இந்தியன் ஸ்கவுட் என்ற அமெரிக்க வண்டியைத் தம் கொட்டகையில் நாற்பதாண்டுகளுக்கு மேல் மாற்றி மாற்றிக் கட்டினார். பிஸ்டன்களைத் தாமே வார்த்தார். உடைந்துபோன பாகங்களை ஓர் அலமாரியில் வரிசையாக வைத்து, வேகத்தின் கடவுளுக்குக் காணிக்கை என்று எழுதி வைத்தார். வாங்கியபோது மணிக்கு 90 கிலோமீட்டர் அளவில் ஓடிய வண்டி, 1967இல் அமெரிக்காவின் பான்வில் உப்புச் சமவெளியில் 295 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிச் சாதனை படைத்தது. அப்போது அவருக்கு வயது 68. இதய நோயால் வரும் நெஞ்சு வலி பல ஆண்டுகளாகவே இருந்தது. 2005இல் வெளிவந்த 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்' திரைப்படத்தில் ஆந்தனி ஹாப்கின்ஸ் அவராக நடித்தார். மன்றோவின் வேகத்தை நம் இதய நோயாளிகள் எவரும் பின்பற்றுவதை நாங்கள் விரும்பவில்லை. அந்த அலமாரியைப் பின்பற்றலாம். உடைந்ததைத் தூக்கியெறியாமல் ஏன் உடைந்தது என்று பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு மருத்துவமனைச் சீட்டில் எழுதும் பொறுமையும் கைவரும்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் இக்னிஷன் பகுதிக்கு மேல் குனிந்து நிற்கக் கூடாது. கருவிக்கும் இக்னிஷன் பகுதிக்கும் இடையே ஓர் அடி இடைவெளியாவது வேண்டும் என்பது கருவியுடன் வரும் கையேடுகளில் காணப்படும் அறிவுரை. எஞ்சின் நின்றிருக்கும்போது இந்தக் கவலை இல்லை. மின் வெல்டிங் இவர்களுக்கு உகந்ததன்று. சேஸிஸில் விரிசல் இருந்தால் பட்டறையில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்களுக்குச் சிறு கீறலும் நெடுநேரம் கசியும். கையுறை அணிவதில் கௌரவம் பார்க்க வேண்டாம். தகரமும் துருவும் புழங்கும் வேலை என்பதால் டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடான சைலன்சர் பெரும் பகை. காலில் பட்டதே தெரியாது. மறுநாள் கொப்புளம் கண்ட பின்தான் தெரியும். அந்தக் கொப்புளம் எங்கெங்கோ கொண்டுபோய் விடும். வீட்டுத் தாழ்வாரம்தானே என்று வெறுங்காலோடு வேலை செய்யாதீர்கள். வேலை முடிந்ததும் இரு பாதங்களையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்கு வீட்டார் பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்து வருவது நோயாளிக்கு மட்டுமன்றி வீட்டில் உள்ள அனைவருக்கும். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி இறக்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் ஒழியவில்லை. ஒரு மடக்கு புரையேறினால் போதும்; பெட்ரோல் நுரையீரலுக்குள் சென்று கடும் அழற்சியை உண்டாக்கும். டேங்கின் அடியில் உள்ள குழாயைக் கழற்றி விட்டாலே பெட்ரோல் தானாக இறங்கிவிடும். உறிஞ்ச வேண்டிய தேவையே இல்லை. கழுவ வாங்கிய மண்ணெண்ணெயைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது இதைவிடக் கொடுமை. தண்ணீர் என்று நினைத்துக் குடித்த குழந்தைகளைக் குழந்தைகள் நலப் பிரிவு அறியும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரோ எண்ணெயோ கொடுக்காதீர்கள். புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். மூடிய அறையில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதும் ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தலைவலியும் குமட்டலும் வந்தால் முதலில் வெளியே வாருங்கள். பழைய பிரேக் ஷூக்களிலும் கிளட்ச் தகடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியை வாயால் ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

செயின் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் எங்கள் கை அறுவை மருத்துவர்கள் எங்களை மன்னிக்கமாட்டார்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுழலும் செயினைத் துணியால் துடைப்பது பலருக்கும் பழக்கம். சீக்கிரம் முடியும் என்பது உண்மை. துணியின் ஒரு நூல் சிக்கினால் விரல் பல்சக்கரத்துக்குள் போவதற்குக் கண் சிமிட்டும் நேரம் போதும் என்பதும் உண்மை. எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றித் துடைக்க வேண்டும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். பேட்டரி முனையில் மோதிரம் பட்டால் அது பழுக்கக் காய்ந்துவிடும்.

விரல் துண்டிக்கப்பட்டால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். துண்டான விரலைச் சுத்தமான நீரில் மெல்ல அலசி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு இறுக்கி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து எடுத்து வாருங்கள். பனிக்கட்டி விரலில் நேரடியாகப் படக் கூடாது. 108க்கு அழையுங்கள். இந்தப் பத்தியைக் கத்தரித்து, கருவிகள் வைக்கும் பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்தால் மகிழ்வோம்.

விருப்பப்படி மாற்றிக் கட்டுவது என்று வரும்போது இளைஞர்கள் முதலில் கழற்றி எறிவது சாரி கார்டை. பின்சக்கரம் முழுதும் தெரிந்தால் அழகு என்பது அவர்கள் வாதம். அழகுதான். அந்தக் கம்பி வலை இருப்பது, பின்னால் உட்காருபவரின் ஆடை சக்கரத்தில் சுற்றிக்கொள்ளாமல் இருப்பதற்காக. பின்னிருக்கைக்காரருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி சொல்கிறது. சேலைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கி விழுந்தவர்களையும், ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் குதிகால் போய்த் தோல் உரிந்த குழந்தைகளையும் பார்த்துப் பழகிய எங்களுக்கு, சாரி கார்டு இல்லாத சக்கரம் அழகாகத் தெரிவதில்லை. வேறு வடிவில், வண்டியின் தோற்றத்துக்கு ஏற்ற காப்பு ஒன்றைப் பட்டறையில் செய்து தரச் சொல்லலாம். நல்ல தகர வேலைக்காரருக்கு அது அரைநாள் வேலை. பக்கக் கண்ணாடிகளும் அப்படியே. கழுத்தெலும்புத் தேய்மானத்தால் தலையைத் திருப்ப முடியாதவருக்கு அந்தக் கண்ணாடிதான் கழுத்து.

ஹேண்டில் பாரைத் தாழ்த்தினால் உடல் முன்னோக்கிச் சாய்ந்து, பாரம் மணிக்கட்டில் இறங்கும். மிக உயர்த்தினால் தோள் களைக்கும். முதுகுவலி உள்ளவர்கள் வண்டியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கைகளை இயல்பாக நீட்டி, கை போய் நிற்கும் இடத்தில் ஹேண்டில் பிடி வருமாறு அமைத்துக்கொள்வது நல்லது. இருக்கையின் உயரமும் இரு பாதங்களும் தரையில் பதியும் அளவுக்கு இருக்கட்டும். நாங்கள் கண்டவரையில், பிறர் பார்ப்பதற்காகச் செய்யும் மாற்றங்களில் பெரும்பாலானவை உடலுக்குக் கேடு. தமக்காகச் செய்துகொள்பவற்றில் பெரும்பாலானவை நலம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் அளித்து ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. எஞ்சினை மாற்றுவதாக இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். நிறத்தை மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதிவான நாளிலிருந்து 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். பழைய வண்டியை வாங்குமுன் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது, எஞ்சினின் ஒலியைக் கேட்பதைவிட முதன்மையானது.

இதே சட்டம், உடல் குறைபாடு உள்ளவர் தம் பயன்பாட்டுக்காக அனுமதி பெற்று வண்டியை மாற்றியமைத்துக்கொள்ளவும் இடம் தருகிறது என்பதைப் பலர் அறியார். இருபுறமும் துணைச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை நம் தெருக்களில் காண்கிறோம். தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தகுதியுள்ளவர்களுக்கு அவற்றை வழங்கியும் வருகிறது. எந்த மாற்றம் எவருக்குப் பொருந்தும் என்பது பாதிக்கப்பட்ட பக்கத்தைப் பொறுத்தது. பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கு, பின் பிரேக் இடக்காலுக்கு. இன்றைய வண்டிகளில் இது நேர்மாறு. கிளட்ச் எதிலும் இடக்கையில்தான். எனவே இடப்பக்கம் தளர்ந்தவருக்குப் பழைய புல்லட்டில் கியரும் முன் பிரேக்கும் எளிது, கிளட்சும் பின் பிரேக்கும் கடினம். கியர் இல்லாத, துணைச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி இல்லை.

ஓட்டுவது பற்றிய முடிவைப் பட்டறையிலோ வீட்டுக் கூடத்திலோ எடுக்க வேண்டாம். வலிப்பு வந்தவர்கள், திடீரென மயக்கம் வருபவர்கள், பக்கவாதத்தால் பார்வைப் பரப்பு குறைந்தவர்கள் ஆகியோர் நரம்பியல் மருத்துவரிடமும் கண் மருத்துவரிடமும் காட்டாமல் வண்டியில் ஏறக் கூடாது. ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழிப் படிவத்திலும் வலிப்பு, மயக்கம் பற்றிய கேள்வி முதலிலேயே இருக்கிறது; அதை மறைத்து எழுதுவது காவலரை ஏமாற்றுவது மட்டுமன்று, எதிரே வருபவரையும் ஏமாற்றுவது.

நாங்கள் மேலே சொன்ன அன்பரின் புல்லட் இப்போது ஓடுகிறது. மகன் ஓட்ட, அப்பா பின்னால் உட்கார்ந்து சோதனைக்கு வருகிறார். இடப்பக்க ஃபுட் ரெஸ்ட்டின் நுனியில் கால் வழுக்காமல் இருக்கச் சிறு தடுப்பு ஒன்றை அவரே கடைசலில் செய்து பொருத்தியிருக்கிறார்; எங்கள் இயன்முறை மருத்துவர் அதை அளந்து பார்த்து ஒப்புக்கொண்டார். சாரி கார்டு இருக்கிறது. தம் பயன்பாட்டுக்குத் துணைச் சக்கர ஸ்கூட்டர் கிடைக்குமா என்று விண்ணப்பித்திருக்கிறார். அதற்கு முன் அடுத்த மாதம் பார்வைப் பரப்புச் சோதனை இருக்கிறது. டேங்கில் கோடு இழுக்கும் வேலையை மட்டும் அவர் வேறு எவரிடமும் கொடுக்கவில்லை. இடக்கையால் டேங்கைப் பிடித்து, வலக்கையால் தூரிகை பிடித்து, இடவிளிம்பிலிருந்து தொடங்கிப் பழைய இரும்புத் தகடு ஒன்றில் நாள்தோறும் அரைமணி நேரம் பழகி வருகிறார்.